கீழக்கரையில் 1999-இல் ஓடிய பிரவுசிங் சென்டர்: காலையில் நெட்வொர்க் செத்துக்கிடக்கும், வெள்ளிக்கிழமை எதுவும் நகராது. காரணம் என்னவாக இருந்திருக்கும்?

கடற்கரைத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். இருபது வருஷத்துக்கு மேலாக மனதில் கிடக்கிற கேள்வி இது. 1999-இலிருந்து 2003 வரை கீழக்கரையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். முதலில் நாலு கம்ப்யூட்டர், மறுவருஷம் ஆறு. போன் லைன் ஒன்றுதான், அதில் நெட் பிடிக்கும் 33.6 மோடம் (வினாடிக்கு 33,600 பிட்) ஒன்றுதான். முதல் மெஷினில் விண்டோஸ் 98-உம், ஒரு நெட் இணைப்பைப் பல மெஷினுக்குப் பகிரும் வின்கேட் ப்ரோகிராமும் போட்டு மற்றதுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். மெஷின்களுக்குள்ளே ஓடியது அந்தக் காலத்துக் கறுப்பு கோஆக்ஸ் வயர் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் கம்பி வலை), ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டி கனெக்டர், இரண்டு கடைசியிலும் தொப்பி மாதிரி டெர்மினேட்டர்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் துபாயிலோ சவூதியிலோ பிள்ளையையோ மாப்பிள்ளையையோ விட்டுவிட்டு இங்கே இருக்கிறவர்கள். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை லீவு, அதனால் ஜும்ஆ முடிந்து சாப்பாடு ஆனதும் இங்கே கடையில் நிற்க இடம் இருக்காது.

தொல்லை மூன்று. ஐப்பசி கார்த்திகையில் காலையில் கடை திறந்தால் ஒரு மெஷின் இன்னொன்றைப் பார்க்காது, நெட் இருக்கட்டும், பக்கத்து மெஷினையே பார்க்காது, அப்புறம் 11 மணி வாக்கில் யாரும் தொடாமலே தானாகச் சரியாகிவிடும். இரண்டாவது, வெள்ளி சாயங்காலம் மோடம் இணைந்திருக்கும், லைட் விடாமல் மினுக்கும், ஆனால் ஒரு மெயில் திறக்க ஐந்து நிமிஷம், பாதி நேரம் பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றே வரும். கட் பண்ணி மறுபடி டயல் செய்தால் இரண்டு நிமிஷம் நன்றாக ஓடும், திரும்பவும் அதே கதை. மூன்றாவது, மழை பெய்த மறுநாளெல்லாம் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை லைன் தானாக அறுந்துபோகும்.

மோடத்தை இரண்டு தடவை மாற்றினேன், விண்டோஸை எத்தனை தடவை ஃபார்மட் செய்தேன் என்று கணக்கே இல்லை. மகனிடமிருந்து மெயில் வந்திருக்கிறது என்று பெயர் மட்டும் தெரிந்து, அது திறக்காமலே ஒரு உம்மா அழுதுகொண்டு எழுந்து போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறோம். வயர் இன்னும் சுவரோரத்து கேசிங்கில் அப்படியே கிடக்கிறது. அன்றைக்கு நான் எழுதி வைத்த நோட்டும் பரணில் கிடைத்துவிட்டது. வயரைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால் காரணம் தெரிந்தால் நிம்மதி.

வாடைக்காத்து எழுதியது:

காக்கா, நான் மண்டபம்காரன், நெட்வொர்க் வேலையில்தான் இருக்கிறேன், படித்து முடித்து முதலில் கை வைத்தது இதே கோஆக்ஸில்தான். நீங்கள் சொல்கிற மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். ஒரே நோய் என்று நினைத்து மருந்து கொடுத்ததால்தான் எதுவும் கேட்கவில்லை. ஃபார்மட் செய்ததால் இதில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்காது.

முதலில் ஒரு கணக்கு. அந்தக் கறுப்பு வயருக்கு 10பேஸ்2 என்று பெயர், வினாடிக்கு 1 கோடி பிட் போகும். உங்கள் மோடத்தில் போவது 33,600. கிட்டத்தட்ட 300 மடங்கு வித்தியாசம். ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் திறந்திருக்கும் மடை ஒன்றுதான் என்றால் வயலுக்கு அந்த மடையின் அளவுதான் வரும், அதே கதைதான். ஆகவே வெள்ளிக்கிழமை நெரிசல் கடைக்குள்ளே ஓடிய வயரில் இருந்திருக்க வழியே இல்லை, அது மோடத்தில். காலையில் பக்கத்து மெஷின் தெரியாததற்கும் மோடத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது வயரில். மழைக்கு மறுநாள் அறுவது கடைக்கு வெளியே. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையும் இதுதான்: முதலில் 127.0.0.1-க்கு பிங் (ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது), அது தன் மெஷினுக்குள்ளேயே சுற்றி வரும், அப்புறம் பக்கத்து மெஷின், அப்புறம் மோடம் இருக்கிற மெஷின், அப்புறம்தான் வெளியே. எந்தப் படியில் கால் இடறுகிறதோ அங்கே பார்த்தால் போதும்.

காலை நோயை இப்போதுகூடக் கண்டுபிடிக்கலாம், வயர் இன்னும் இருக்கிறது என்கிறீர்களே! அந்த டெர்மினேட்டர் ஒவ்வொன்றும் 50 ஓம். கம்பியில் வரும் அலை கடைசிக்குப் போனதும் அதை விழுங்கிவிடுவதுதான் அதற்கு வேலை. அது இல்லையென்றாலோ நடுவில் எங்காவது தொடர்பு விட்டாலோ, அலை சுவரில் மோதிய மாதிரித் திரும்பி வந்து அடுத்து வருவதைக் கெடுக்கும். அப்போது மெஷினில் இருக்கும் நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றும் தன் செய்தி இன்னொன்றின் செய்தியோடு மோதிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும், பொறுக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போய் 16 தடவை பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். ஒரு இடத்தில் விட்டால் ஆறு மெஷினும் சேர்ந்து செத்தது அதனால்தான். இன்றைக்கு இருக்கிற மாதிரி ஒரு வயர் போனால் ஒரு மெஷின் மட்டும் போகிற ஏற்பாடு அதில் கிடையாது.

எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு, முதல் மெஷின் டி-யைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். இரண்டு டெர்மினேட்டரும் நல்லபடி இருந்தால் 25, அதைவிடக் கொஞ்சம் கூட வரும். 50 என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, ஒரு பக்கத்து டெர்மினேட்டர் மட்டும்தான் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆடினால் துரு. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அதுதான் என்று என் மனது சொல்கிறது, ஆனாலும் அளந்து பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

பழைய லைன்மேன் எழுதியது:

தம்பி, மூன்றாவதுக்கு நான் பதில் சொல்கிறேன். இந்தக் கரையோரத்தில் வருஷக்கணக்காகப் போன் லைன் பார்த்தவன். போனை எடுக்காமல் வைத்திருக்கும்போதெல்லாம் லைனில் 48 வோல்ட் டிசி இருக்கும். ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி அதில் உப்பும் சேர்ந்துவிட்டால், அந்த 48 வோல்ட்டே செம்பை அரித்துத் தின்றுவிடும். பச்சையாகப் பூத்துக் கிடக்கும். பில்லரை, அதாவது தெருவோரத்தில் லைன்களைச் சேர்க்கும் பெட்டியை, திறந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான்.

பேசுகிறவருக்கு லைனில் கொஞ்சம் இரைச்சல் வந்தாலும் தெரியாது, காது பழகிக்கொள்ளும். மோடம் அப்படி இல்லை. போன் லைனில் பேச்சுக்கு இருப்பது 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், 33.6 வேகத்துக்கு அந்த மோடம் அதில் ஒரு ஓரம் விடாமல் எல்லாவற்றையும் பயன்படுத்தும். அதனால் பேச நன்றாக இருக்கிற லைனிலும் மோடம் அறுந்துபோகும். அந்தக் காலத்தில் எங்களிடம் வந்து கம்ப்ளெயின்ட் சொன்ன பிள்ளைகளிடம் ஒரு சோதனை சொல்வேன்: ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரே ஒரு எண்ணை அழுத்து, டயல் டோன் நின்றுவிடும், அந்த அமைதியில் காது கொடுத்துக் கேள். சுத்தமாக இருந்தால் லைன் நல்லது. சோறு கொதிக்கிற மாதிரியோ சருகை மிதிக்கிற மாதிரியோ சத்தம் வந்தால் லைனில் ஈரம், மோடத்தை மாற்றி ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, அதே லைனில் வீட்டுக்குள் ஒரு பேரலல் போன் இருந்து யாராவது அதைத் தூக்கினாலும் அறுந்துவிடும். உங்களுக்கு அப்படி ஏதும் இருந்ததா?

கடற்கரைத்தெரு எழுதியது:

இருந்தது ஐயா. மாடியில் எங்கள் வீடு, அங்கே ஒரு போன். ஆனால் கடை நேரத்தில் யாரும் தொடக்கூடாது என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். நோட்டில் பார்த்தேன், அறுந்த நாளெல்லாம் மழை நாள்தான், நீங்கள் சொன்ன ஈரம்தான் பொருந்துகிறது. அன்றைக்கு யாராவது அந்த ஒரு எண் சோதனையைச் சொல்லியிருந்தால் இரண்டு மோடம் காசு மிச்சமாகியிருக்கும்.

பாம்பன்பையன் எழுதியது:

அண்ணே, காலேஜில் நெட்வொர்க் பாடம் படிக்கிறேன், ஒரு சந்தேகம். நெரிசலாக இருந்தால் மெதுவாக வரும், சரி, 6 பேர் என்றால் ஆறில் ஒரு பங்கு வேகம் வந்திருக்க வேண்டும் அல்லவா? ஏன் ஒன்றுமே வராமல் போனது? அப்புறம் மறுபடி டயல் செய்தால் மட்டும் இரண்டு நிமிஷம் ஏன் நன்றாக ஓடியது? லைன் அதேதானே, ஆளும் அதேதானே?

வாடைக்காத்து எழுதியது:

தம்பி, கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதே கேள்வியைத்தான் 1986 அக்டோபரில் அமெரிக்காவில் கேட்டார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் தூரம் 400 கஜம்தான், நம் ஊரில் அடுத்த தெரு. அவர்களுக்கு நடுவில் வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. பாதி இல்லை, கால்வாசி இல்லை, எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுந்திருக்கவில்லை, இயந்திரமும் கெடவில்லை, கம்பி நிறைய ஏதோ ஓடிக்கொண்டேதான் இருந்தது, லைட் மினுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆனால் ஓடியதில் முக்கால்வாசி ஏற்கெனவே அனுப்பியதன் மறுபிரதி. பதில் வரத் தாமதமானதும் தொலைந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் திரும்ப அனுப்பியது, அந்தத் திரும்ப அனுப்பியதே வரிசையை நீட்டி இன்னும் தாமதமாக்கியது. இப்படி நடக்கும் என்று ஜான் நேகிள் 1984-லேயே எழுதி வைத்திருந்தார். வான் ஜேகப்சனும் மைக் கேரல்ஸும் உட்கார்ந்து காரணத்தைப் பிடித்து, 1988-இல் அதற்குத் தீர்வும் சொன்னார்கள்.

தீர்வு என்ன தெரியுமா? பாம்பன் பாலம் உனக்குத் தெரியாததா, ஒற்றைத் தண்டவாளம். பாலத்தில் போன வண்டி அக்கரை சேர்ந்த செய்தி வந்தால்தான் அடுத்ததை விடுவார்கள். கம்ப்யூட்டர் செய்தியைத் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டித்தான் அனுப்பும். அதே மாதிரி, போன பொட்டலம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தால்தான் புதிதாக ஒன்றை உள்ளே விட வேண்டும் என்பதுதான் அடிப்படை. தொடக்கத்தில் ஒன்றே ஒன்று, பதில் வரவர இரண்டு, நாலு என்று கூட்டிக்கொண்டே போய், ஒன்று தொலைந்தால் சட்டென்று குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு உன் போனில் ஓடுவதும் அந்த 1988 யோசனையின் வழிவந்ததுதான். எனக்கு அதில் பிடித்தது, யாரும் மேலே உட்கார்ந்து கட்டுப்படுத்தாமல், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே அடங்கிப் போனதால் வலை பிழைத்தது என்பதுதான்.

இப்போது காக்கா கடைக்கு வருகிறேன். 1999-இல் விண்டோஸ் 98-இல் இந்த அடக்கம் இருந்தது. ஆனால் பிரவுசர் ஒரு பக்கத்துக்கு நாலு இணைப்பு திறக்கும், ஐந்தாறு பேர் என்றால் இருபதுக்கு மேல், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொடங்கும், ஒன்று அடங்கிப் போவது மற்றதுக்குத் தெரியாது. மறுமுனையில் இன்டர்நெட் கொடுக்கும் சேவைக்காரர்களின் இயந்திரத்தில் உங்கள் லைனுக்கென்று ஒரு வரிசை. 1500 பைட் பொட்டலம் ஒன்று 33,600 வேகத்தில் இறங்க மூன்றில் ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அந்த மாதிரி 30 பொட்டலம் வரிசையில் நின்றால் கிட்டத்தட்ட 11 வினாடி. புதிதாக ஒரு இணைப்பு கேட்கும் கம்ப்யூட்டரோ 3 வினாடிதான் பொறுக்கும், அப்புறம் மறுபடி கேட்கும், அப்புறம் 6 வினாடி கழித்து மறுபடி. பதில் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது, இங்கே தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டியாகிவிட்டது.

இதற்கு மேல் ரெஃப்ரெஷ். மகன் மெயில் வரவில்லை என்றதும் உம்மா ரெஃப்ரெஷை அழுத்துகிறார்கள், பாவம், வேறு என்ன செய்வார்கள். அழுத்தினதும் பழைய பக்கத்தை இந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது, ஆனால் வரிசையில் ஏற்கெனவே நிற்கும் அதன் பொட்டலங்கள் இறங்கித்தான் தீரும். வந்து குப்பைக்குப் போகும். பின்னால் அதே பக்கம் முதலிலிருந்து மறுபடி. 1986-இல் இயந்திரம் தானாகச் செய்த தப்பை இங்கே ஆறு மனிதர்கள் கையால் செய்திருக்கிறார்கள், செய்யும்போது அது தப்பு என்று தெரிய வழியே இல்லை. லைனைக் கட் பண்ணினால் மறுமுனை வரிசை மொத்தமும் காலி, அதனால்தான் புதிதாக டயல் செய்ததும் இரண்டு நிமிஷம் சுகம்.

அன்றைக்குச் செய்திருக்கக்கூடியது: பிரவுசரில் படத்தை அணைத்து வைப்பது, டயல்அப்பில் பொட்டலத்தின் அளவை 1500-இலிருந்து 576 பைட்டாகக் குறைப்பது. சிறிய பொட்டலம் என்றால் ஒருவர் படம் இறக்கும்போது இன்னொருவரின் ஒரு வரி சாட் அதன் பின்னால் மூன்றில் ஒரு வினாடி நிற்க வேண்டாம், ஏழில் ஒரு வினாடி போதும். அப்புறம் சுவரில் ஒரு அட்டை, ரெஃப்ரெஷ் அழுத்தாதீர்கள் என்று. நான் இருந்திருந்தால் அட்டையைத்தான் முதலில் மாட்டியிருப்பேன்.

லைன்மேன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: மழைநாளில் மோடத்தின் வேகத்தை நாமே 14.4-க்குக் கட்டிப்போட்டு, எஸ்10 என்கிற எண்ணைக் கூட்டி வைத்திருந்தால் பாதி அறுப்பு குறைந்திருக்கும். மறுமுனைச் சத்தம் கேட்காமல் போனால் எத்தனை பத்தில் ஒரு வினாடி பொறுத்து லைனை வைப்பது என்பதுதான் அந்த எண். 50 என்று போட்டால் 5 வினாடி.

கடற்கரைத்தெரு எழுதியது:

இன்று லுஹர் தொழுதுவிட்டுக் கடையைத் திறந்து அளந்தேன். முதல் மெஷினில் வைத்தால் 41. வரிசையாக ஒவ்வொரு டி-யாக அசைத்துக்கொண்டே போனேன். நாலாவதைத் தொட்டதும் 33, திருகினால் 26, கையை விட்டால் மறுபடி 40-க்கு மேலே ஏறுகிறது. நாலாவது மெஷின்தான் கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே இருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஐயா சொன்ன அதே பச்சை. காலையில் ஈரத்தில் விட்டுப்போய், வெயில் ஏறியதும் காய்ந்து தானாகப் பிடித்திருக்கிறது, நான் அதைப் பார்த்து விண்டோஸ் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன்.

பரணிலிருந்து ஒரு நல்ல டி எடுத்து மாட்டினேன். 25.9. அசைத்தாலும் மாறவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. நோட்டில் 5, 6 இரண்டு மெஷினுக்கும் எதிரே அடிக்கடி "ஸ்லோ" என்று எழுதியிருக்கிறேன், மற்ற நாலும் நன்றாக இருந்த நாளிலும். மீட்டர் இப்போது 25.9 காட்டுகிறதே, வயரில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?

வாடைக்காத்து எழுதியது:

அந்த இரண்டும் மறுவருஷம் சேர்த்தது என்றீர்களே காக்கா. அதற்கு வயர் எங்கே வாங்கினீர்கள்? நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓடும் வயரின் மேல் தோலில் எழுத்து அச்சடித்திருக்கும், அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் படித்துச் சொல்லுங்கள்.

கடற்கரைத்தெரு எழுதியது:

ஆர்ஜி-59 என்று இருக்கிறது. முதல் நாலுக்கும் ஆர்ஜி-58. இப்போது ஞாபகம் வருகிறது, ராமநாதபுரம் போய் வாங்க நேரமில்லை, தெருவில் கேபிள் டிவி இழுக்கும் பையனிடம் மிச்சம் இருந்ததைப் போட்டோம். பார்க்க ஒரே மாதிரி கறுப்பு வயர்தானே.

வாடைக்காத்து எழுதியது:

அதுதான். 59 டிவி வயர், 75 ஓம். 58 என்பது 50 ஓம். இந்த ஓம் மல்டிமீட்டரில் வராது. மீட்டர் பார்ப்பது செம்பின் தடையை, இது அலை ஓடும்போது வயர் காட்டும் தடை. 50-இலிருந்து 75-க்கு அலை போகும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும், வெளியே வரும் இடத்தில் இன்னொரு தடவை. கொஞ்ச தூரம் என்பதால் முழுதாகச் சாகாமல் தட்டுத்தடுமாறி ஓடியிருக்கிறது. வயரின் கனமும் வேறு, 58 கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், 59 கிட்டத்தட்ட 6. 58-க்கான பின், அதாவது வயர் முனையில் மாட்டும் கனெக்டர், அதில் சரியாக உட்காராது. எப்படி மாட்டினார்கள் என்று கழற்றிப் பாருங்கள், தோலைச் சீவித்தான் திணித்திருப்பார்கள்.

பழைய லைன்மேன் எழுதியது:

அந்த டிவி வயர் தொல்லை இந்தப் பக்கத்தில் நான் இன்னும் இரண்டு கடையில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கும் காரணம் தெரியாது, வயரை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இன்றைக்குத்தான் விளங்கியது.

கடற்கரைத்தெரு எழுதியது:

கழற்றிப் பார்த்தேன், சீவித்தான் வைத்திருக்கிறார்கள், வெளி வலையில் பாதி இழை பின்னுக்குள்ளேயே போகவில்லை.

வயரை எறியப் போவதில்லை. பரணில் இன்னும் மூன்று மெஷின் இருக்கிறது, இரண்டு உயிரோடு இருக்கும் என்று தோன்றுகிறது. மிச்சமிருக்கும் 58 வயரில் ஒரு துண்டு வெட்டிப் புதுப் பின் போட்டு, அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைத்துப் பார்க்கப் போகிறேன். லைன்மேன் ஐயா, கிரிம்ப் பண்ணும் கருவி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பாம்பன்பையன் எழுதியது:

காக்கா, நானும் வரலாமா? படத்தில் மட்டும்தான் அந்த டி-யைப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரைத்தெரு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அஸருக்கு அப்புறம் வா தம்பி. மல்டிமீட்டர் இருந்தால் எடுத்துக்கொண்டு வா, என்னுடையதில் பேட்டரி தீரப் போகிறது.